மூணு கொட்டேஷன் கையில இருக்கு, இ-இன்வாய்ஸுக்கு யாரைப் பிடிக்கிறது?

வாசகி கேள்வி: சார், நாங்க பேரிங், ஆயில் சீல், பெல்ட்னு மிஷின் பார்ட்ஸ் மொத்த வியாபாரம் பண்றோம். போன நிதியாண்டுல டர்ன்ஓவர் 5 கோடியைத் தாண்டிடுச்சு, இனிமே இ-இன்வாய்ஸ் கட்டாயம்னு ஆடிட்டர் சொல்லிட்டார். ஒரு நாளைக்கு 15, 20 பில் போகும். மலேசியாவுல என் தம்பி ஒரு கம்பெனி நடத்துறான், வருஷத்துக்கு 20 லட்சம் ரிங்கிட் வியாபாரம், மாசம் 40 பில் வரும், சரக்குல பாதி நாங்கதான் அனுப்புறோம். அங்கயும் இ-இன்வாய்ஸ் வந்துடுச்சாம். மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். ஒருத்தர் "நாங்க கவர்மென்ட் அப்ரூவ்டு, 60 நாட்டுக்கு சப்போர்ட் இருக்கு"ன்னு சொல்லி மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டச் சொல்றார். இன்னொருத்தர் ரொம்ப சீப், அன்லிமிடெட்னு சொல்றார். மூணாவது நாங்க கணக்கு எழுதுற சாஃப்ட்வேர்காரங்களே தர்ற மாட்யூல். கணக்கு பாக்குற அண்ணனுக்கு 60 வயசு ஆகப் போகுது, புது சாஃப்ட்வேர்னாலே பயப்படுறார். பேசாம பிடிஎஃப் போட்டு மெயில் பண்ணா போதாதா? இல்ல இந்த மூணுல யாரை எடுக்கலாம்? பேர் போட வேணாம்.

பதில்:

வணக்கம் மேடம். முதல்ல பதிலைச் சொல்லிடுறேன், காரணம் அப்புறம். இந்தியா பக்கத்துக்கு அந்த மூணாவது ஆள், அதாவது உங்க கணக்கு சாஃப்ட்வேர்லயே வர்ற மாட்யூல், அதைத்தான் முதல்ல சோதிச்சுப் பாருங்க, நான் கீழ சொல்ற டெஸ்ட்ல தேறிட்டா அதையே எடுத்துக்கோங்க. மலேசியாவுக்கு இப்போதைக்கு யாரையும் எடுக்க வேணாம், மாசம் 40 பில்லுக்கு அங்க வரி வாரியம் இலவசமா தர்ற மைஇன்வாய்ஸ் போர்ட்டலே தாராளம். மூணு வருஷ காசை மொத்தமா கட்டுற பேச்சை இன்னிக்கே விட்டுடுங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. உங்க லெட்டரைப் படிச்சப்போ எனக்கு ப்ரொவைடரை விட இதுதான் உறுத்துச்சு. போன நிதியாண்டுல 5 கோடி தாண்டியாச்சுன்னா இந்த ஏப்ரல் 1லேர்ந்தே உங்களுக்கு இது கட்டாயம், "இனிமே" இல்ல. 2023 ஆகஸ்ட் 1லேர்ந்து வரம்பு 5 கோடி, 2017-18லேர்ந்து எந்த ஒரு வருஷத்துல தாண்டியிருந்தாலும் சரி, அப்புறம் குறைஞ்சாலும் விடுதலை கிடையாது, அதுவும் ஒரே பான்ல இருக்குற எல்லா ஜிஎஸ்டி நம்பரையும் சேர்த்துதான் கூட்டுவாங்க. அப்ப ஏப்ரல்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஐஆர்என், அதாவது அரசு போர்ட்டல் பில்லுக்குத் தர்ற பதிவு நம்பர், இல்லாம போன பிசினஸ்-டு-பிசினஸ் பில்லெல்லாம்? ஜிஎஸ்டி விதி 48(5) அதை இன்வாய்ஸாவே மதிக்காது, உங்ககிட்ட சரக்கு வாங்கினவங்களோட இன்புட் க்ரெடிட்டுக்கே (வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கறது) சிக்கல் வரும், அவங்க உங்க மேல பாய்வாங்க. நல்லவேளை, பழைய தேதி பில்லை 30 நாளுக்கு மேல போர்ட்டல் வாங்காதுங்கற தடை 10 கோடியும் அதுக்கு மேலயும் இருக்குறவங்களுக்குத்தான் (2025 ஏப்ரல் 1லேர்ந்து), உங்களுக்கு அது இன்னும் வரல. அதனால ஆடிட்டரோட உக்காந்து அந்த பில்லுக்கெல்லாம் இப்பவே ஐஆர்என் போட்டுடுங்க. ஏன் லேட்டுன்னு கேள்வி வரலாம், அபராதப் பேச்சும் வரலாம், அதை அவர்தான் பாக்கணும், ஆனா போடாம விடுறதை விட லேட்டா போடுறது எவ்வளவோ மேல். போர்ட்டல்ல உங்க ஜிஎஸ்டி நம்பர் எனேபிள் ஆகியிருக்கான்னும் பாருங்க, ஆகலைன்னா நீங்களே எனேபிள் பண்ணிக்கலாம். அப்புறம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரிட்டர்ன் போடுற க்யூஆர்எம்பி ஸ்கீம்ல இருந்திருந்தீங்கன்னா 5 கோடி தாண்டினதும் அதுவும் போச்சு, இனி மாசா மாசம் 11ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனை ரிட்டர்ன்.

பிடிஎஃப் மேட்டர். போதாதுங்க. பிடிஎஃப் மனுஷன் படிக்கிறதுக்கு. இங்க கேக்குறது மிஷின் படிக்கிற டேட்டா, ஜேசன் ஃபார்மட்ல, எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு வரையறுத்தது. அதை இன்வாய்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன் போர்ட்டல், சுருக்கமா ஐஆர்பி, வாங்கி செக் பண்ணி 64 எழுத்துல ஒரு ஐஆர்என்னும் கையெழுத்து போட்ட க்யூஆர் கோடும் திருப்பித் தரும். பத்திரத்தை நாம எழுதிட்டுப் போனாலும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நம்பர் விழுந்தாதான் பத்திரம், அப்படி வெச்சுக்கோங்க. நம்பர் வந்ததுக்கு அப்புறம் க்யூஆரோட பிடிஎஃப் அடிச்சு தாராளமா மெயில் பண்ணுங்க, பண்ணியே ஆகணும், ஏன்னா ஐஆர்பி உங்க கஸ்டமருக்கு பில் அனுப்பாது, அது உங்க வேலை. கடைசி கஸ்டமருக்குப் போற பில்லு, அதாவது ஜிஎஸ்டி நம்பர் இல்லாதவங்களுக்கு உள்நாட்டுல விக்கிறது, இதுல வராது.

இப்ப அந்த "கவர்மென்ட் அப்ரூவ்டு" பேச்சுக்கு வருவோம். இதை எல்லாரும் சொல்றாங்க, பொய்யும் இல்ல முழு உண்மையும் இல்ல. நடுவுல மூணு விதமான ஆளுங்க இருக்காங்க. மேல ஐஆர்பி, அது என்ஐசி, அதாவது மத்திய அரசோட கம்ப்யூட்டர் அமைப்பு, நடத்துறது ரெண்டு, தனியார்ல க்ளியர், சிக்நெட், ஈஒய், ஐரிஸ்னு நாலு, ஆக ஆறு. அதுக்குக் கீழ ஜிஎஸ்பி, அதாவது ஜிஎஸ்டி சுவிதா ப்ரொவைடர், இவங்களும் ஜிஎஸ்டிஎன் (ஜிஎஸ்டி கம்ப்யூட்டர் சிஸ்டத்தை நடத்துற அமைப்பு) பட்டியல்ல இருக்கணும். அதுக்கும் கீழ ஏஎஸ்பி, இன்னொரு ஜிஎஸ்பியோட லைன் வாடகைக்கு வாங்கி அது மேல ஸ்க்ரீன் கட்டி விக்கிறவங்க. இந்தக் கடைசி ஆளை யாரும் அப்ரூவ் பண்றதில்ல. அவங்க மோசம்னு சொல்ல வரல, நல்லா பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்வி "அப்ரூவ்டா"ங்கறது இல்ல, "நீங்க ஐஆர்பியா, ஜிஎஸ்பியா, இல்ல வேற யாரோட ஜிஎஸ்பி மேல ஓடுறீங்களா, அது யாரு, அவங்க லைன் படுத்தா உங்ககிட்ட ரெண்டாவது வழி இருக்கா"ன்னு. பேர் சொன்னதும் ஜிஎஸ்டிஎன் பட்டியல்ல நீங்களே பாத்துக்கலாம். சேல்ஸ் ஆளு இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொல்லாம ப்ரோஷரை நீட்டினா எனக்கு அதுவே போதும். இன்னொண்ணு, எத்தனை அப்ரூவல் இருந்தாலும் தப்பான பில்லுக்கு நோட்டீஸ் வந்தா அது உங்க பேருக்குத்தான் வரும், ப்ரொவைடர் பேருக்கு வராது. எல்லா அக்ரிமென்ட்லயும் பொறுப்பை இத்தனை தொகைக்கு மேல ஏத்துக்க மாட்டோம்னு எழுதியிருப்பாங்க, பெரும்பாலும் நீங்க கட்டின சந்தா அளவுக்குத்தான் இருக்கும்.

சரி, டெஸ்ட். டெமோ காட்டுறேன்னு வருவாங்க, அவங்களே ஒரு பில் போட்டு, ஒரு க்ளிக், ரெண்டு செகண்ட்ல ஐஆர்என் வந்துடும், அட சூப்பர்னு நீங்களும் சொல்லிடுவீங்க. நல்ல பில்லை அனுப்ப யாராலயும் முடியும் மேடம், மூணு பேராலயும் முடியும், அதுல வித்தியாசமே தெரியாது. நீங்க உங்க கடையில இருக்குறதுலயே மோசமான பில்லா பொறுக்கி எடுத்துக் கொடுங்க. பாதி சரக்கு திரும்பி வந்தது, ரெண்டு வரி ரேட் கலந்தது, ஃப்ரெய்ட்டும் தள்ளுபடியும் சேர்ந்தது, பில்லிங் ஒரு இடம் டெலிவரி வேற இடம்னு போனது, தம்பிக்குப் போற எக்ஸ்போர்ட் பில். அவங்க டெஸ்ட் சர்வர்ல அதை உங்க அண்ணன் கையாலயே போடச் சொல்லுங்க, அவங்க ஆளு மவுஸைத் தொடக் கூடாது. அண்ணன் பயப்படுறார்னு எழுதியிருக்கீங்க, தினமும் அதுல உக்காரப் போறது அவர்தான், அவருக்கு வரலைன்னா எவ்வளவு பெரிய கம்பெனி சாஃப்ட்வேரா இருந்தாலும் உங்களுக்கு உதவாது. மூணாவது ஆள் பக்கம் நான் சாய்றதுக்கு முக்கியக் காரணமே அதான், அவர் பழகின ஸ்க்ரீன், டேட்டாவை எக்ஸெல்ல எடுத்து வேற எங்கயோ ஏத்துற வேலை இல்ல. அந்த எக்ஸெல் ஏத்துற இடத்துலதான் பில் விட்டுப் போறதும் ரெண்டு தடவை போறதும் நடக்கும்.

அப்புறம் இதைக் கேளுங்க: "பில்லை அனுப்பிட்டேன், பதில் வர்றதுக்குள்ள நெட் போயிடுச்சு, இப்ப என்ன ஆகும்?" இது சாதாரணமா நடக்குறது. அங்க ஐஆர்என் விழுந்திருக்கும், உங்க சாஃப்ட்வேருக்கு அது தெரியாது, நீங்க திரும்ப அனுப்புவீங்க, 2150னு ஒரு எர்ரர் வரும், டூப்ளிகேட் ஐஆர்என்னு. ஐஆர்என்ங்கறதே உங்க ஜிஎஸ்டி நம்பர், நிதியாண்டு, டாக்குமென்ட் வகை, பில் நம்பர் இந்த நாலையும் வெச்சு உருவாகுறது, அதனால அதே நம்பர் ரெண்டாவது தடவை போனா விழாது. நல்ல சாஃப்ட்வேர் இந்த எர்ரரோடயே வர்ற பழைய ஐஆர்என்னைப் பிடிச்சு, ஒப்பிட்டுப் பாத்து, பில்லுல ஒட்டிடும். மட்டமானது சிவப்புல 2150னு மட்டும் காட்டிட்டு நின்னுடும், அண்ணன் வேற நம்பர்ல புது பில் போட்டுடுவார், அவர் மேல தப்பு இல்ல, லாரி வெளிய நிக்குதே. மாசக் கடைசில பாத்தா ஒரே சரக்குக்கு ரெண்டு பில், ரெண்டும் ஜிஎஸ்டிஆர்-1ல தானா ஏறியிருக்கும், ரெண்டுக்கும் வரி. எந்த ப்ரொவைடரா இருந்தாலும் நான் முதல்ல பாக்குறது இந்த ஒரு இடத்தைத்தான்.

கேன்சல் அடுத்தது. ஐஆர்பில 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம், அதுவும் முழு பில்லைத்தான், ஒரு வரியை மட்டும் எடுக்கறதோ திருத்தறதோ கிடையாது. கேன்சல் பண்ண பில் நம்பரைத் திரும்ப யூஸ் பண்ணவும் முடியாது. 24 மணி தாண்டினா க்ரெடிட் நோட்தான், அதுக்கும் ஐஆர்என் வேணும். கேக்க வேண்டியது என்னன்னா, அண்ணன் கணக்குல பில்லை அழிச்சுட்டா ஐஆர்பிலயும் கேன்சல் ஆகுதா, இல்ல அங்க உசுரோட இருக்கா? சில சாஃப்ட்வேர்ல ரெண்டும் தனித்தனி பட்டன், ஒண்ணை அமுக்கிட்டு ஒண்ணை மறந்துடுவாங்க. இ-வே பில், அதான் சரக்கு வண்டியோட போற சீட்டு, அது வேற இருக்கு. ஐஆர்என் போடும்போதே இ-வே பில்லும் சேர்த்து எடுக்கலாம், உங்க மாதிரி தினம் சரக்கு அனுப்புறவங்களுக்கு அது பெரிய சௌகரியம், ஆனா இ-வே பில் உயிரோட இருக்குற வரைக்கும் ஐஆர்என்னைக் கேன்சல் பண்ண முடியாது, முதல்ல அதை எடுக்கணும், அதுக்கும் 24 மணி நேரம்தான். இந்த வரிசையை சாஃப்ட்வேர் தானா பாத்துக்குதா இல்ல மனுஷன் ஞாபகம் வெச்சுக்கணுமான்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க, வாயால சொல்ல விடாதீங்க.

எர்ரர் மெசேஜ் எப்படி வருதுன்னும் கவனிங்க. நம்பர் மட்டும் வந்தா அண்ணனுக்கு ஒண்ணும் புரியாது. "வாங்குறவர் பின்கோடு இந்த மாநிலத்தோடது இல்ல"ன்னு வந்தா அவரே திருத்திடுவார். அதை விட நல்லது, அனுப்புறதுக்கு முன்னாடியே சாஃப்ட்வேர் பிடிச்சு சொல்றது. ஹெச்எஸ்என் கோடு, அதாவது சரக்கு வகைக்கான நம்பர், 5 கோடி தாண்டினவங்களுக்கு 6 இலக்கம் வேணும், உங்க ஐட்டம் மாஸ்டர்ல (சாஃப்ட்வேர்ல இருக்குற சரக்குப் பட்டியல்) பாதி 4 இலக்கமாதான் இருக்கும்னு நினைக்கிறேன், பேரிங் வியாபாரத்துல ஐட்டமும் ஆயிரக்கணக்குல இருக்கும், இந்த சுத்தம் பண்ற வேலையை எந்த ப்ரொவைடரும் உங்களுக்காகப் பண்ண மாட்டாங்க. பில் நம்பர் 16 எழுத்துக்குள்ள, சாய்கோடும் சின்ன கோடும் தவிர வேற குறி கூடாது, சைபர்ல ஆரம்பிக்கக் கூடாது. 2025 ஜூன் 1லேர்ந்து சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசத்தையும் போர்ட்டல் பாக்குறதில்ல, ரெண்டும் ஒண்ணுதான். கஸ்டமர் ஜிஎஸ்டி நம்பர் ரத்தானவரா இருந்தாலும் அங்கயே நிக்கும். முதல் வாரத்துல எர்ரர் வந்தா பத்துக்கு எட்டு உங்க மாஸ்டர்லேர்ந்துதான் வரும்னு என் கணிப்பு, சாஃப்ட்வேரைத் திட்டாதீங்க.

காசு விஷயத்துல "அன்லிமிடெட்"னு சொன்னவர்கிட்ட எதெல்லாம் அன்லிமிடெட்னு எழுதி வாங்குங்க. ஃபெயில் ஆன முயற்சி எண்ணிக்கையில சேருமா, கேன்சல் சேருமா, க்ரெடிட் நோட், இ-வே பில் தனியா? ரெண்டாவது ஜிஎஸ்டி நம்பர் எடுத்தா தனி லைசென்ஸா, ரெண்டாவது யூசருக்குக் காசா, கஸ்டமர் ஜிஎஸ்டி நம்பரை செக் பண்றதுக்குக் காசா? அடியில எங்கயாவது "நியாயமான பயன்பாடு"ன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இருந்தா அன்லிமிடெட் இல்ல. சீப்பா இருக்குறது தப்பில்ல, ஐஆர்என் போடுறதே பெரிய விஞ்ஞானம் இல்ல, என்ஐசி போர்ட்டல்ல இலவசமாவே போடலாம், எக்ஸெல் டூலும் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு பில் போடுறவங்க கேட்டிருந்தா ப்ரொவைடரே வேணாம், அந்த டூலை வெச்சே ஓட்டுங்கன்னுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு 15, 20ங்கறதால கைவேலை தாங்காது. ஆனா சீப்பான இடத்துல சப்போர்ட் எப்படின்னு சொல்லி வெச்சுக்காம சோதிங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு லாரியை லோட் பண்ணிட்டு ஒரு கால் பண்ணுங்க, யார் எடுக்குறாங்க, டிக்கெட் நம்பர் கொடுத்துட்டு வெச்சுடுறாங்களா, பேசுறவருக்கு இ-வே பில்னா என்னன்னு தெரியுதா. மார்ச் 31 ராத்திரி என்ன ஆகும்னு அதுலயே தெரிஞ்சுடும்.

வெளிய வர்ற வழியை உள்ள போறதுக்கு முன்னாடியே பாக்கணும், இதை மட்டும் யாரும் கேக்குறதில்ல. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 36படி அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதிலேர்ந்து 72 மாசம் ரெக்கார்டு வெச்சிருக்கணும். வெச்சிருக்க வேண்டியது நீங்க. போர்ட்டல் உங்களுக்கு ஆயுசுக்கும் லாக்கர் இல்ல, ப்ரொவைடரும் இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஆளை மாத்தினா பழைய பில்லு எல்லாத்தையும் எந்த ரூபத்துல தருவாங்க? பிடிஎஃப் மூட்டையா தந்தா பிரயோஜனம் இல்ல, ஐஆர்பி கையெழுத்து போட்டு அனுப்பின ஜேசன் அப்படியே வேணும், ஐஆர்என், அக்நாலெட்ஜ்மென்ட் நம்பர், தேதியோட. அதுக்குத் தனிக் காசா, எத்தனை நாளுக்குள்ள தருவாங்க, கம்பெனியே மூடிட்டா என்ன? நான் க்ளையன்ட்டுங்களுக்கு சொல்றது, மாசா மாசம் ஜிஎஸ்டிஆர்-1 போடுற அன்னிக்கே அந்த மாசத்து ஜேசன் மொத்தத்தையும் இறக்கி உங்க ஹார்டு டிஸ்க்லயும் இன்னொரு இடத்துலயும் போட்டுடுங்க. இந்த பட்டன் இல்லாத சாஃப்ட்வேர்னா வேணாம், அது நான் சொன்ன உங்க கணக்கு சாஃப்ட்வேர் மாட்யூலா இருந்தாலும் வேணாம்.

சாவி விஷயமும் இதோட சேர்ந்ததுதான். ப்ரொவைடருக்கு உங்க போர்ட்டல் லாகின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீங்க, "செட்டப்புக்கு மட்டும் கொடுங்க"ன்னு கேப்பாங்க. போர்ட்டல் உள்ள போய் ஏபிஐ யூசர்னு, அதாவது சாஃப்ட்வேர் மட்டும் பயன்படுத்துற லாகின், தனியா உருவாக்கி, எந்த ஜிஎஸ்பி வழியான்னு தேர்ந்தெடுத்து அதைக் கொடுக்க வசதி இருக்கு, நாளைக்குப் பிடிக்கலைன்னா அதை மட்டும் நிறுத்திடலாம். 2025 ஏப்ரல்லேர்ந்து போர்ட்டல் லாகினுக்கு எல்லாருக்குமே ஓடிபி உண்டு, அந்த ஓடிபி யார் போனுக்குப் போகுதுன்னு இப்பவே பாத்துடுங்க, எப்பவோ ஜிஎஸ்டி எடுத்துக் கொடுத்தவர் நம்பர் அதுல இருக்குற கம்பெனி இன்னிக்கும் ஏராளம். உங்க விலை, உங்க கஸ்டமர் லிஸ்ட், யாருக்கு எவ்வளவு தள்ளுபடிங்கறது வரைக்கும் இந்த டேட்டாவுல இருக்கு, டேட்டா பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சர்டிஃபிகேட் இருக்கான்னு கேளுங்க, "உங்க டேட்டாவை வெச்சு நாங்களோ எங்க பார்ட்னரோ லோன் விக்க மாட்டோம்"னு எழுத்துல வாங்கினா இன்னும் நல்லது. இன்வாய்ஸ் டேட்டாவைப் பாத்து கடன் தர்றேன்னு போன் பண்ற பிசினஸ் இப்ப நல்லா ஓடுது.

மலேசியாவுக்கு வர்றேன். அங்க படிப்படியா வந்துச்சு, 2024 ஆகஸ்ட் 1ல 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல இருக்குறவங்க, தம்பி மாதிரி 10 லட்சத்துலேர்ந்து 50 லட்சம் ரிங்கிட்டுக்குள்ள இருக்குறவங்களுக்கு 2026 ஜனவரி 1. நடத்துறது அங்க உள்நாட்டு வருமான வரி வாரியம், ஜிஎஸ்டி மாதிரி மறைமுக வரித் துறை இல்ல. போர்ட்டலுக்கு அனுப்பினா சரிபார்த்து ஒரு தனி அடையாள எண் தரும், கேன்சல் பண்ணவும், வாங்கினவர் வேணாம்னு சொல்லவும் 72 மணி நேரம். இங்க மாதிரி 24 இல்ல, அண்ணனும் தம்பியும் இதைக் குழப்பிக்காம இருந்தா சரி. சின்னச் சின்ன கஸ்டமருக்கு, இ-இன்வாய்ஸ் கேக்காதவங்களுக்கு, மாசக் கடைசில ஒண்ணா சேர்த்து ஒரே இ-இன்வாய்ஸா அடுத்த மாசம் 7 நாளுக்குள்ள போட அனுமதி உண்டு, சில தொழிலுக்கு மட்டும் கிடையாது. ரெக்கார்டு 7 வருஷம். பில் எண்ணிக்கை கூடினா அப்ப ஒரு ஆளை எடுத்துக்கலாம், போர்ட்டல்லயே இன்டர்மீடியரின்னு சேர்த்து, எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும் என்னென்ன உரிமைன்னு வரையறுத்துக் கொடுக்க முடியும்.

நீங்க எழுதினதுல ரொம்ப சாதாரணமா சொல்லிட்டுப் போனது "சரக்குல பாதி நாங்கதான் அனுப்புறோம்"ங்கறது. அங்கதான் ரெண்டு பக்கமும் வேலை இருக்கு. நீங்க தம்பி கம்பெனிக்குப் போடுற எக்ஸ்போர்ட் பில்லுக்கும் இங்க ஐஆர்என் வேணும், வெளிநாட்டுக்குத்தானேன்னு விட்டுடாதீங்க. வாங்குறவருக்கு ஜிஎஸ்டி நம்பர் இடத்துல யூஆர்பின்னும் (ஜிஎஸ்டில பதியாதவர்னு அர்த்தம்) மாநிலக் கோடு 96ன்னும் பின்கோடு 999999ன்னும் போகணும், மாட்யூல் இதைத் தானா போடுதான்னு அந்த டெஸ்ட்லயே பாத்துடலாம். அந்தப் பக்கம் தம்பி, உங்க பில்லை வாங்கி ஃபைல் பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு நினைச்சுடக் கூடாது, வெளிநாட்டுலேர்ந்து வாங்கினதுக்கு அவரே தன் பேர்ல செல்ஃப்-பில்டு இ-இன்வாய்ஸ் போடணும், சரக்கு கஸ்டம்ஸ் க்ளியர் ஆன மாசத்துக்கு அடுத்த மாசக் கடைசிக்குள்ள. உங்க ஐஆர்என் அங்க செல்லாது, அங்க வர்ற நம்பர் இங்க செல்லாது, ரெண்டு சிஸ்டமும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதில்ல.

அதனாலதான் அந்த 60 நாட்டு ஆள் உங்களுக்கு வேணாம்ங்கறேன். ஒரே சாஃப்ட்வேர்ல பத்து நாட்டுக் கணக்கு எழுதுற கம்பெனிக்கு அது அவசியம், சவூதில ஒரு விதம், இத்தாலில 2019லேர்ந்து பெரும்பாலான பில் அரசாங்க சிஸ்டம் வழியா, பெல்ஜியத்துல 2026 ஜனவரிலேர்ந்து பெப்பால் நெட்வொர்க், ஒவ்வொண்ணுக்கும் தனி ஆள் வெச்சா மேய்க்க முடியாது. உங்களுக்கு ரெண்டு நாடு, ரெண்டு தனித்தனி கம்பெனி, ரெண்டு தனித்தனி கணக்கு, சேர்த்து வாங்கி என்ன லாபம்? அதுவும் இல்லாம இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கு, இந்தியாவுலயே 500 கோடில 2020 அக்டோபர்ல ஆரம்பிச்சது மூணு வருஷத்துக்குள்ள 5 கோடிக்கு இறங்கிடுச்சு. மூணு வருஷ காசை முன்கூட்டி வாங்கிட்டவர் விதி மாறுறப்போ "இது புது டெவலப்மென்ட், தனி சார்ஜ்"னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. சட்டம் மாறினா கூடுதல் காசு இல்லாம, அமலுக்கு வர்ற தேதிக்கு முன்னாடியே அப்டேட் தருவோம்ங்கற வரி அக்ரிமென்ட்ல இருக்கணும், மாட்யூல்காரர்கிட்டயும் இதைக் கேளுங்க. ஒரு வருஷம் எடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

வேலை எந்த வரிசைலன்னா, இந்த வாரம் ஆடிட்டரோட அந்த ஏப்ரல் பில்லுங்க, அது முடியுற வரைக்கும் என்ஐசி போர்ட்டல்லயே கையால போட்டாலும் பரவாயில்ல, ப்ரொவைடர் முடிவாகலைன்னு நாளைக்குப் போற பில்லையும் ஐஆர்என் இல்லாம விட்டுடாதீங்க. கூடவே அண்ணனை ஐட்டம் மாஸ்டர்ல உக்கார வைங்க, அதிகமா ஓடுற ஐட்டம் முதல்ல. அப்புறம் டெஸ்ட். மாட்யூல்காரர் 2150லயும் ஜேசன் எக்ஸ்போர்ட்லயும் சொதப்பினா எனக்கு எழுதுங்க, எழுதும்போது அந்த சீப் ஆளோட அக்ரிமென்ட்ல டெர்மினேஷன், டேட்டா ரிட்டர்ன் பத்தி இருக்குற பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிடுங்க, அவரை எடுக்கலாமா வேணாமான்னு அதைப் பாத்தாதான் சொல்ல முடியும்.